நீங்குதலும் நீக்குதலும்: ‘களையெடுப்பு’ என்ற சொல் குறித்துச் சில குறிப்புகள்

1

சோவியத் வரலாறு பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் மொழிபெயர்த்தேன். ‘பர்ஜ்’ என்ற சொல் அதில் முப்பது நாற்பது இடங்களில் வருகிறது. எல்லா இடத்திலும் ‘களையெடுப்பு’ என்றே போட்டுக்கொண்டு போனேன். யோசிக்கவேயில்லை. நம் இடதுசாரித் தமிழில் அந்தச் சொல் அப்படித்தானே புழங்குகிறது. மெய்ப்புப் பார்த்துத் தரச் சொல்லி ஒரு மூத்த தோழரிடம் கொடுத்திருந்தேன். 1980களில் ஓர் அமைப்பிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். என்ன காரணம் என்று இன்றுவரை அவருக்கு யாரும் எழுத்தில் தந்ததில்லை. மெய்ப்பைத் திருப்பித் தரும்போது கேட்டார்: “தம்பி, களைன்னு சொன்னா அது பயிரே இல்லேன்னு ஆயிடுதே. புகாரின் களையா? சரி, அவரை விடு. நான் களையா?”

“அகராதியில அப்படித்தான் இருக்கு தோழர்” என்று இழுத்தேன். “நான் அகராதியைக் கேக்கல, உன்னைக் கேக்கறேன்” என்றார்.

இக்கட்டுரை அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடியது. சொற்பிறப்பு ஆராய்ச்சி என்பது ஓய்வுபெற்ற புலவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. ஒரு சொல் யாரைப் பேசவிட்டது, எப்போது அவர் வாயை அடைத்தது என்று தேடிப் போனால் அது அதிகாரத்தின் வரலாறாகவும் ஆகிவிடுகிறது.

2

லத்தீனில் ‘பூருஸ்’ என்றால் தூய. ‘அகெரே’ என்றால் ஓட்டுதல், செலுத்துதல். மாட்டை ஓட்டிக்கொண்டு போவதற்கும் அந்த வினைதான். இரண்டும் சேர்ந்து ‘பூரிகாரே’ ஆகி, தேய்ந்து ‘புர்காரே’ ஆயிற்று. பழைய பிரெஞ்சு வழியாக ஏறக்குறைய 1300வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்து ‘பர்ஜ்’ ஆனது. தூய்மை என்ற பெயருக்குள் ‘ஓட்டு, விரட்டு’ என்ற வினை தொடக்கத்திலேயே ஒளிந்திருக்கிறது. ஆனால் யார் யாரை ஓட்டுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருக்கிறோம். நீங்கு – நீக்கு. விலகு – விலக்கு. திருந்து – திருத்து. மெல்லினம் வல்லினமாக மாறினாலோ ஒற்று இரட்டித்தாலோ எழுவாய் மாறிவிடுகிறது. ஒருவன் தானே செய்துகொள்வது, பிறர் அவனுக்குச் செய்வதாக ஆகிவிடுகிறது. ‘பர்ஜ்’ என்ற சொல்லின் எழுநூறு ஆண்டுக் கதையை இந்தப் பள்ளிக்கூட இலக்கணத்தாலேயே சொல்லிவிடலாம். அது நீங்குதலிலிருந்து நீக்குதலுக்கு நகர்ந்த கதை.

முதலில் சட்டம். இடைக்கால இங்கிலாந்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர் தன்னைப் ‘பர்ஜ்’ செய்துகொள்ள முடியும். மன்றத்தின் முன் நின்று, நான் இதைச் செய்யவில்லை என்று சத்தியம் செய்வார். அவரோடு கூட, பெரும்பாலும் பன்னிரண்டு பேர், இவர் சத்தியம் நம்பத்தக்கது என்று தாங்களும் சத்தியம் செய்வார்கள். இந்தச் சத்தியத் துணைவர்களுக்குக் ‘கம்பர்கேட்டர்’ என்று பெயர். சேர்ந்து தூய்மை செய்பவர் என்று பொருள். இம்முறையின் கடைசி மிச்சம் இங்கிலாந்தில் 1833இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதில் ஓட்டைகள் ஏராளம். பணமும் சாதிசனமும் உள்ளவனுக்குப் பன்னிரண்டு வாய் கிடைப்பது கஷ்டமா என்ன? ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே எழுவாய் குற்றஞ்சாட்டப்பட்டவரே. அவர் வாயிலிருந்து வரும் பேச்சுதான் தூய்மையாக்கும் செயல். நம் நீதிமன்றங்களில் இன்றும் இந்தப் பொருளின் எச்சம் இருக்கிறது. நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் ஒருவர் மன்னிப்புக் கேட்டோ உத்தரவை நிறைவேற்றியோ அவமதிப்பிலிருந்து நீங்கிக்கொள்வதை வக்கீல்கள் ‘பர்ஜ்’ என்றே சொல்கிறார்கள்.

அடுத்தது மதம். இறந்தவர் ஆன்மா சொர்க்கத்துக்குப் போகுமுன் வேதனைப்பட்டுத் தூய்மையாகும் இடம் ‘பர்கட்டரி’. இதை ஓர் இடமாகக் குறிக்கும் லத்தீன் பெயர்ச்சொல் 1170–1180 காலத்தில்தான் பிறந்தது என்று ழாக் லெ கோஃப் தனது 1981ஆம் ஆண்டு நூலில் வாதிட்டார். தமிழ்க் கத்தோலிக்கர்கள் இதை ‘உத்தரிக்கிற ஸ்தலம்’ என்றார்கள். யோசித்துப் பாருங்கள்: அந்த மொழிபெயர்ப்பில் கழுவுதல், துடைத்தல் எதுவும் இல்லை. உத்தரிப்பது என்றால் பட்ட கடனைப் பாடுபட்டுத் தீர்ப்பது. தீர்த்துவிட்டு வெளியே வருவது. உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு வெளிவாசல் உண்டு. அதுவும் சொர்க்கத்தின் பக்கம் திறக்கிற வாசல். கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றுகிற எந்தக் கிழவியும் தன் புருஷனைக் களை என்று நினைத்து ஜெபிப்பதில்லை.

மூன்றாவது மருந்து. எங்கள் வீட்டில் கோடை விடுமுறையில் ஒருநாள் ஆத்தா விளக்கெண்ணெயோடு வந்து நிற்கும். பேதிக்குக் கொடுக்கிற நாள். மூக்கைப் பிடித்து ஊற்றிவிட்டு, மத்தியானம் மிளகுரசமும் குழைந்த சோறும். சித்த மருத்துவத்தில் இதற்கு ஒழுங்கே உண்டு. நாலு மாதத்துக்கு ஒருமுறை பேதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி என்று தேரையர் பெயரில் வழங்கும் பாட்டு சொல்கிறது. மேற்கிலும் ஹிப்போக்ரட்டஸ், காலென் வழிவந்த வைத்தியம், உடம்பில் மிகுந்துபோன நீர்மங்களை வெளியேற்றினால் நோய் தீரும் என்றே நம்பியது. இங்கே வெளியேறுவது என் உடம்பில் விளைந்தது. வெளியேற்றுவதும் என் உடம்பே. ஆத்தா ஊற்றிவிட்டது என்றாலும் போய்ப் போய் வந்தது நான்தானே!

ஆக சட்டம், மதம், மருந்து மூன்றிலும் இந்தச் சொல் அடிப்படையில் தன்வினை.

3

பிறவினை எங்கே தொடங்கியது? உடம்பு என்ற உருவகத்தை அரசின்மேல் போர்த்தியபோது. இது பழைய வியாதி. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில், இன்னின்ன இசை வேண்டாம், இன்னின்ன வாத்தியம் வேண்டாம் என்று ஒதுக்கிக்கொண்டே போகும் சாக்ரடீஸ், நம்மை அறியாமலே நகரத்தைச் சுத்தம் செய்துவிட்டோமே என்று நடுவில் மகிழ்ந்துகொள்கிறார். கடைசியில் வெளியேற்றப்படுபவர்கள் கவிகள். மாணவர் அரிஸ்டாட்டில் அதே மருத்துவச் சொற்குடும்பத்திலிருந்து ‘கதார்சிஸ்’ என்பதை எடுத்து நாடகத்துக்குத் தருகிறார். பார்வையாளரின் இரக்கமும் அச்சமும் அங்கே தணிகின்றன. எவரும் நகரத்தைவிட்டு ஓட வேண்டியதில்லை. கதார்சிஸ் என்பதற்குப் பேதிமருந்து என்ற பொருளையே கொள்ள வேண்டும் என்று யாக்கோப் பெர்னேஸ் 1857இல் எழுதினார். கலை இலக்கியக்காரர்களாகிய நமக்கு இந்த இருவரில் யார் வேண்டும் என்பது இன்றும் திறந்திருக்கிற கேள்வி.

ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ நாடகத்தில் ஐந்தாம் அங்கம், மூன்றாம் காட்சி. மாக்பெத் வைத்தியரிடம் தன் மனைவியின் மனநோயைத் தீர்க்கச் சொல்கிறான். அதற்கு நோயாளியேதான் தனக்கு வைத்தியம் செய்துகொள்ள வேண்டும் என்கிறார் வைத்தியர். தன்வினை! மாக்பெத்துக்குக் கோபம் வருகிறது. உன் மருந்தை நாய்க்குப் போடு என்கிறான். அடுத்த மூச்சில், என் நாட்டின் நீரைச் சோதித்து நோயைக் கண்டுபிடித்துப் பேதி கொடுத்துப் பழைய ஆரோக்கியத்துக்குக் கொண்டுவர முடியுமா, ரேவல்சின்னியோ நிலவாகையோ எது கொடுத்தால் இந்த ஆங்கிலேயர்கள் வெளியேறுவார்கள் என்று கேட்கிறான். பத்துப் பன்னிரண்டு வரிக்குள் சொல் தன்வினையிலிருந்து பிறவினைக்குத் தாவுகிறது. தாவுகிறவன் யார்? அந்த நாட்டின் நோயே அவன்தான். இதற்கு முந்தைய காட்சியில் அவனை எதிர்த்து வருகிற கெய்த்னஸ், நாட்டுக்கான பேதிமருந்தில் எங்களையே சொட்டுச் சொட்டாக ஊற்றுவோம் என்கிறான். அவன் பேச்சில் செலவாவது சொந்த ரத்தம். மாக்பெத்தின் பேச்சில் செலவாக வேண்டியது அடுத்தவன்.

அந்நாடகம் எழுதி ஏறக்குறைய நாற்பது ஆண்டில் பேச்சு செயலாயிற்று. 1648 டிசம்பர் 6 காலை. கர்னல் தாமஸ் ப்ரைட் சிப்பாய்களோடு இங்கிலாந்தின் பொதுமன்ற வாசலில் நிற்கிறார். கையில் பெயர்ப்பட்டியல். மன்னனோடு சமரசம் பேச நினைத்த உறுப்பினர்களில் நாற்பதுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். அதைவிடப் பல மடங்கினர் உள்ளே விடப்படவில்லை. மிஞ்சிய மன்றம் அடுத்த மாதமே மன்னனை விசாரிக்க ஏற்பாடு செய்தது. 1649 ஜனவரி 30இல் சார்லசின் தலை வெட்டப்பட்டது. வரலாற்று நூல்களில் இதன் பெயர் ‘ப்ரைடின் பர்ஜ்’. முடியாட்சியை முடித்துவைத்த நிகழ்வு என்பதால் நமக்கு இதில் ஒரு சந்தோஷம்கூட உண்டு. ஆனால் அந்த வாசலில் நின்ற உறுப்பினருக்குச் சத்தியம் செய்ய இடமில்லை. பட்டியல் முன்பே எழுதப்பட்டாயிற்று.

உருவகம் உருவகமாக இருக்கும்வரை அது வெறும் சொல் என்று தள்ளிவிடலாம். 1920களின் தொடக்கத்தில் இத்தாலியில் முசோலினியின் கருஞ்சட்டைக்காரர்கள் சோசலிஸ்ட்டுகளையும் தொழிற்சங்கக்காரர்களையும் பிடித்துவைத்து வாயில் விளக்கெண்ணெயை ஊற்றினார்கள். ஊர் பார்க்க அவர்களை அசிங்கப்படுத்தி அனுப்பினார்கள். சிலர் செத்தும் போனார்கள். மருத்துவ அர்த்தமும் அரசியல் அர்த்தமும் ஒரே புட்டியில். என் ஆத்தா வைத்திருந்த அதே எண்ணெய்தான்.

பிளேட்டோவின் ‘ஃபார்மகான்’ என்ற சொல் மருந்தையும் விஷத்தையும் ஒருசேரக் குறிப்பதை வைத்துத் தெரிதா 1968இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதோடு ஒட்டிய ‘ஃபார்மகோஸ்’, ஊரின் தீட்டையெல்லாம் தலையில் ஏற்றி ஏதென்ஸ் வெளியே துரத்திய மனிதனைக் குறிப்பது. நம்மில் பலர் அக்கட்டுரையைப் பக்கம் பக்கமாக மேற்கோள் காட்டியிருக்கிறோம். நம் கிராமத்துக்குப் போனால் இதற்குத் தெரிதா தேவையில்லை. “அந்தப் பொண்ணு மருந்து குடிச்சிடுச்சு” என்றால் யாரும் இருமல் மருந்து என்று நினைக்க மாட்டார்கள்.

4

இனி தோழரின் கேள்விக்கு வருவோம். ருஷ்ய மொழியில் சொல் ‘சிஸ்த்கா’. சுத்தம் செய்தல் என்று பொருள். லெனினின் ‘என்ன செய்ய வேண்டும்?’ 1902இல் வந்தபோது, சுத்திகரித்துக்கொள்வதால் கட்சி வலுப்பெறும் என்ற கருத்துடைய லஸ்ஸாலின் கடித வாசகம் அதன் முகப்பில் இருந்தது. கவனியுங்கள்: அங்கே கட்சி தன்னைத் தானே சுத்திகரித்துக்கொள்கிறது. 1921இல் நடந்த சிஸ்த்காவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். 1929, 1933 ஆண்டுகளிலும் இது நடந்தது. உறுப்பினர் கூட்டத்தின் முன் வந்து தன் வரலாற்றைச் சொல்ல வேண்டும், கட்சியில் இல்லாத தொழிலாளிகள்கூடக் கேள்வி கேட்கலாம், மேல்முறையீடும் உண்டு. அவமானங்கள், பழிவாங்கல்கள், பதவிச் சண்டைகள் எல்லாம் இதற்குள் நடந்தன. இருந்தாலும் இதில் பறிபோனது கட்சி அட்டை. பேச்சு என்று ஒன்று இருந்தது.

1937இல் நடந்தது வேறு. ஜூலை 30இல் யெஷோவ் கையெழுத்திட்ட 00447ஆம் எண் ஆணை, மாகாணவாரியாக ஒதுக்கீடு நிர்ணயித்தது. ‘முதல் வகை’ என்றால் சுடப்பட வேண்டியவர்கள். தொடக்க ஒதுக்கீடு ஏறக்குறைய 76,000. ‘இரண்டாம் வகை’ முகாமுக்கு. மூவர் குழு, குற்றஞ்சாட்டப்பட்டவர் முன்னால் இல்லாமலே தீர்ப்பெழுதும். 1937, 38 இரண்டே ஆண்டுகளில் சுடப்பட்டவர்கள் என்று சோவியத் பாதுகாப்புத் துறையின் சொந்தக் கணக்கே காட்டுவது 6,81,692 பேர். இவர்களில் பெரும்பாலோர் கட்சி உறுப்பினர்களே அல்ல. விவசாயிகள், பாதிரிகள், போலந்துக்காரர், ஜெர்மானியர் என்று சாதாரண சனம். கட்சியின் தலையிலும் இடி விழுந்தது. 1934 மாநாடு தேர்ந்தெடுத்த மத்தியக் குழுவின் 139 உறுப்பினர், மாற்று உறுப்பினர்களில் 98 பேர் சுடப்பட்டதாகக் குருஷ்சேவ் 1956இல் அறிவித்தார். ஆணையில் கையெழுத்திட்ட யெஷோவும் 1940இல் சுடப்பட்டார்.

ஆர்ச் கெட்டி போன்ற வரலாற்றாசிரியர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். உறுப்பினர் சரிபார்ப்பான சிஸ்த்கா ஒன்று. கைதும் கொலையும் இன்னொன்று. ஆங்கிலத்தின் ‘பெரும் பர்ஜ்’ இரண்டையும் ஒரே சாக்கில் கட்டிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், கொலைகள் அடங்கிய பின் 1939 மார்ச்சில் கூடிய 18ஆம் மாநாடு, மொத்தச் சிஸ்த்கா முறையைக் கட்சி விதிகளிலிருந்து எடுத்துவிட்டது. கொலைக்குக் கட்சி விதி எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை.

ஆனால் தப்பெல்லாம் ஆங்கிலத்தின்மேல் என்று நாம் கைகழுவிவிட முடியாது. ருஷ்ய நிலத்தைத் தீங்கு செய்யும் பூச்சிகளிடமிருந்து சுத்தப்படுத்துவது பற்றி லெனின் 1917 இறுதியிலேயே ஒரு கட்டுரை எழுதியிருந்தார். சோம்பேறிகளையும் பணக்காரர்களையும் அப்படிக் குறித்தார். அவர் வாழ்ந்த காலத்தில் அது அச்சாகவில்லை. 1929இல், ஸ்டாலின் காலத்தில்தான் வெளியிடப்பட்டது. மனிதர் பூச்சியாவது ஒரு சொல்லில் நடக்கிறது. அதற்கான ஆணை இருபது வருஷம் கழித்து வருகிறது.

மாஸ்கோ விசாரணைகளில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் பேசினார்கள்தானே என்று கேட்கலாம். பேசினார்கள். இடைக்காலச் சத்தியத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த பேச்சு அது. நான் செய்யவில்லை என்பதற்குப் பதில், செய்யாததையெல்லாம் செய்தேன் என்று சொல்லவைத்த பேச்சு. புகாரினின் உண்மையான சத்தியம் நீதிமன்றத்துக்கு வெளியே இருந்தது. கைதாவதற்கு முன், வருங்காலக் கட்சித் தலைவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, தன் மனைவி அன்னா லாரினாவை அதை மனப்பாடம் செய்யவைத்தார். எழுத்து மிஞ்சக் கூடாது என்பதால் தாள் அழிந்தது. 1938 மார்ச் 15இல் அவர் சுடப்பட்டார். லாரினா சிறையிலும் முகாமிலும் நாடுகடத்தலிலும் ஏறக்குறைய இருபது ஆண்டுகளைக் கழித்தார். அந்தக் கடிதத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றினார். பிற்பாடு கடிதம் சோவியத் மண்ணில் அச்சேறியது; 1988இல் புகாரின் மீதான குற்றச்சாட்டும் ரத்தானது. பன்னிரண்டு சத்தியத் துணைவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பெண் ஐம்பது ஆண்டுகள் நின்றிருக்கிறார்.

5

இப்போது தமிழ்ச் சொல். ‘பர்ஜ்’ உடம்பிலிருந்து வந்த உருவகம். நாம் அதை வயலுக்கு மாற்றினோம். இது ஏதோ ஒரு மொழிபெயர்ப்பாளரின் தற்செயலான தேர்வு என்று நான் நினைக்கவில்லை. அந்த உருவகம் நமக்குத் திருக்குறளிலேயே தயாராக இருக்கிறது. செங்கோன்மை அதிகாரத்தில், கொலைபாதகரை அரசன் தண்டிப்பது பயிரில் களை பிடுங்குவதற்கு ஒப்பாகச் சொல்லப்படுகிறது. அங்கே உழவன் இடத்தில் நிற்பவன் அரசன். நாம் உழவன் இடத்தில் கட்சியை வைத்தோம்.

உருவகம் மாறியதில் என்ன போயிற்று? உடம்பிலிருந்து வெளியேறுவது எவ்வளவு அசிங்கமானாலும் அது என்னுடையது. என் சாப்பாட்டிலிருந்து, என் நோயிலிருந்து வந்தது. அது இங்கே எப்படி விளைந்தது என்ற கேள்வியை நான் தவிர்க்க முடியாது. களை அப்படியில்லை. காற்றில் வந்தது, எருவில் வந்தது, பக்கத்து வயலிலிருந்து வந்தது. நான் விதைக்காதது. அதைப் பிடுங்கி வரப்பில் எறிந்தால் எனக்குத் துக்கமில்லை, பொறுப்புமில்லை. இலக்கணப்படியும் பாருங்கள். ‘தன்னைப் பர்ஜ் செய்துகொண்டான்’ என்று ஆங்கிலத்தில் சொல்லலாம். ‘தன்னைக் களையெடுத்துக்கொண்டான்’ என்று தமிழில் சொன்னால் சிரிப்பார்கள். களைதல் என்ற வினைக்குத் தன்வினை வடிவமே கிடையாது. களைபவர் வேறு, களையப்படுவது வேறு. அந்தப் பிரிவை முன்நிபந்தனையாகக் கொண்ட சொல்லால்தான் நாம் சொந்தத் தோழர்களின் சாவை எழுதிவந்திருக்கிறோம்.

சரி, வயலுக்கே போவோம். களையெடுப்பது எங்கள் பக்கம் பெண்கள் வேலை. குனிந்த முதுகு நிமிராமல் நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிற வேலை. ஆண் கூலியைவிடக் குறைந்த கூலி. கட்சிப் பிரசுரங்களில் ‘களையெடுப்போம்’ என்று முழங்கிய தோழர்கள் யாரும் அந்தச் சேற்றில் நின்றிருக்க மாட்டார்கள். அந்தப் பெண்களைக் கேட்டால் வேறு தத்துவம் சொல்வார்கள். நெல்லுக்குள் ஆரைக்கீரை வந்திருந்தால் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்வார்கள். பொன்னாங்கண்ணி கிடைத்தாலும் அப்படியே. புன்செய்யில் பண்ணைக்கீரை. ராத்திரி அதுதான் குழம்பு. பண்ணைக்காரன் கண்ணுக்குக் களை. அவர்கள் கைக்குக் கீரை. “களைன்னு ஒரு செடி கெடயாது சாமி, எடம் மாறி மொளச்சதுதான் களை” என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். சாரத்தியல்புவாதத்துக்கு எதிராக நாம் எழுதிய அத்தனை கட்டுரையும் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்தில் நிற்குமா என்று தெரியவில்லை.

விதை நெல் பண்ணையில் ‘கலவன் நீக்குதல்’ என்று இன்னொரு வேலை உண்டு. அங்கே பிடுங்குவது களையை அல்ல, நெல்லையேதான். உயரம் கொஞ்சம் கூடின, கதிர் கொஞ்சம் முந்தின நெற்பயிரை, ரகத் தூய்மைக்காகப் பிடுங்கிவிடுகிறார்கள். கட்சிக்குள் நடந்ததற்குப் பொருத்தமான வேளாண் சொல் வேண்டுமென்றால் அதுதான். ஆனால் அதைச் சொன்னால், பிடுங்கியதும் நெல்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

6

இதெல்லாம் மாஸ்கோ கதை, பழங்கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1986 ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் விடுதலைப் புலிகள் டெலோ இயக்கத்தினரைத் தாக்கி அழித்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். மே 6இல் தலைவர் சிறீ சபாரத்தினமும். கொன்றவர்களும் செத்தவர்களும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே கனவு. இயக்கமொன்றின் உள்ளே நடந்த சித்திரவதைகளையும் கொலைகளையும் அதிலிருந்து வெளியேறிய கோவிந்தன் 1985லேயே ‘புதியதோர் உலகம்’ நாவலில் எழுதிவிட்டார். ‘முறிந்த பனை’யை எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ‘துரோகி’ என்பதும் ‘களை’யைப் போன்ற சொல்தான். அது விழுந்த பிறகு காரணம் யாரும் கேட்பதில்லை.

தோழர்மேல் பழகிய வினை சனத்தின்மேல் பாய அதிக நாளாவதில்லை. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். பாஸ்னியப் போரையொட்டி 1992 முதல் உலகமெங்கும் பரவிய தொடரை நாம் ‘இனச் சுத்திகரிப்பு’ என்று மொழிபெயர்த்தோம். செய்தவனின் வாய்ச்சொல்லை அப்படியே வாங்கினோம். அந்தச் சொல்லுக்குள் துரத்தப்பட்டவர் அழுக்கு என்ற ஒப்புதல் இருக்கிறது. இலங்கை அரசு மட்டும் என்ன செய்தது? யுத்த காலத்தில் தமிழர் நிலத்தைக் ‘கிளியர்’ செய்யப்பட்டது, செய்யப்படாதது என்று இரண்டாகப் பகுத்தது. அங்கே குடியிருந்த மனிதர்கள் துடைக்க வேண்டிய கறையாகிப் போனார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் அந்த வினை முடித்துவைக்கப்பட்டது. அரசின் கொடுமையைச் சொல்லி இயக்கத்தின் கொலையை மறைப்பதும், இயக்கத்தின் கொலையைச் சொல்லி அரசின் கொடுமையைச் சிறிதாக்குவதும் நம்மிடையே நடந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டும் ஒரே வினைச்சொல்லைத்தான் புழங்கின.

ரத்தம் சிந்தாத நீக்கங்களும் உண்டு. அமெரிக்காவில் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் எடுப்பதற்கும் ‘பர்ஜ்’ என்றே பெயர். 2000 தேர்தலுக்கு முன் ஃப்ளோரிடாவில் தண்டனை பெற்றவர்கள் என்று தவறாகக் குறிக்கப்பட்டுப் பலர் வாக்கை இழந்தார்கள். கறுப்பினத்தவர்மேல் அது கூடுதலாக விழுந்தது. பீகாரில் 2025 ஆகஸ்ட் 1இல் வந்த வரைவுப் பட்டியலில் ஏறக்குறைய 65 லட்சம் பெயர்கள் இல்லை. செத்தவர் பெயரை எடுக்க வேண்டும், யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் 14இல் உச்ச நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவைப் பாருங்கள்: விடுபட்ட ஒவ்வொரு பெயரையும், காரணத்தையும் வெளியிடு. பழைய சத்திய மன்றத்தில் இருந்த அதே குறைந்தபட்சம்தான். பெயர், காரணம், பதில் சொல்ல ஓர் இடம்.

அந்தக் குறைந்தபட்சத்தை நாம் கொடுத்திருக்கிறோமா? நான் இருந்த ஒரு சிறு வாசகர் வட்டத்தில், பன்னிரண்டு பதின்மூன்று பேர், ஒரு நண்பரை நீக்கினோம். அவர் வராத கூட்டத்தில். ‘கருத்து வேறுபாடு’ என்று குறிப்பேட்டில் ஒரு சொல். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். டீக்கடையில் அன்று ஒருவர் சொன்னார்: “களையெடுத்தாச்சு, இனி வட்டம் தெளிவா இருக்கும்.” எல்லோரும் சிரித்தோம். ஆறு மாதத்தில் வட்டமே இல்லை. அந்த நண்பரிடம் இன்றுவரை நான் போய்ப் பேசவில்லை.

மொழிபெயர்ப்பைத் திருத்தியிருக்கிறேன். 1921, 1933 வருகிற இடங்களில் ‘உறுப்பினர் சரிபார்ப்பும் வெளியேற்றமும்’ என்று போட்டிருக்கிறேன். நீளம்தான், பரவாயில்லை. 1937, 38 வருகிற இடங்களில் ‘கொலைகள்’. வேறு சொல் தேவைப்படவில்லை. ‘களையெடுப்பு’ என்பதை ஓரிடத்தில் மட்டும் மேற்கோள் குறிக்குள் விட்டிருக்கிறேன், கொன்றவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்று தெரிவதற்காக.

திருத்திய படியைத் தோழரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, “சரியா இருக்கு தம்பி” என்றார். பிறகு, “உன் வட்டத்துல நீக்கினீங்களே ஒரு பையன், அவன்கிட்ட இதைப் படிக்கக் கொடுத்தியா?” என்று கேட்டார்.

இன்னும் கொடுக்கவில்லை. இந்த இதழ் வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு நேரில் போக வேண்டும். கை தூக்கிய மற்றவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களில் யாராவது கூட வந்தால் நல்லது.